பல்கலைக்கழக இடமாற்றம் (மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்)

ஒரு பல்கலைக்கழகத்தில் இளமாணிப் படிப்பைத் தொடங்கிய மாணவர், படிப்பின் இடையில் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வது பல்கலைக்கழக இடமாற்றம் எனப்படும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டம் இதற்கென்றே ஒரு பாதை வகுத்தது. அங்கே இரண்டாண்டு சமூகக் கல்லூரியில் படித்தவர், போட்டி மிகுந்த அரச பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். இலங்கையில் அப்படிப்பட்ட பாதை இல்லை. போட்டி முழுவதும் முதல் வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறும் மாணவரின் மாவட்டமும் சேர்ந்து அவர் எங்கே, எதைப் படிப்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மாணவர்களுக்கு, உண்மையான இடமாற்றம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்பே, பாடசாலைப் பருவத்திலேயே நிகழ்கிறது. பட்டப்படிப்பின் நடுவே மாணவர்கள் கூட்டமாக இடம் மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றுக்குக் காரணம் வன்முறை.

தெரிவு நடைபெறும் விதம்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே நாடு முழுவதற்குமான தெரிவைச் செய்கிறது. மாணவர் தமது விருப்பங்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறார். வரிசையின் ஒவ்வோர் இலக்கமும் ஒரு பாடநெறியையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே குறிக்கும். அண்மைய ஆண்டுகளில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தெரிவாகின்றனர். தகுதி பெறுவோரில் இவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

2001 முதல் தெரிவுக்கு அடிப்படையாக இருப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி வரும். சராசரி 45, நியம விலகல் 16 என்றால், 65 புள்ளி எடுத்தவருக்கு அது 1.25. மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. கடினமான பாடத்தை எடுத்தவர் அதனால் பாதிக்கப்படக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் கணக்கிடும் கூட்டம் மாறினால் புள்ளியும் மாறும். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தபோது எழுந்த வழக்கில், மீண்டும் கணிக்குமாறு 2012இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாவட்டப் பங்கு

கலைத்துறை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் திறமைக்கும், 55 சதவீதம் மக்கள் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அந்த 16இல் மட்டக்களப்பும் ஒன்று.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம். அது நாட்டின் மொத்தத்தில் 2.6 சதவீதம். ஒரு பாடநெறிக்கு நாடெங்கும் 1,000 இடங்கள் இருப்பதாகக் கொண்டால், மாவட்டங்களுக்கான 550இல் மட்டக்களப்புக்கு 14 அளவிலும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் 3 அளவிலும் கிடைக்கும். திறமை ஒதுக்கீட்டில் நுழையக்கூடிய சிலர் போக, மாவட்டத்தின் மற்றெல்லோரும் இந்த 17 இடங்களுக்காகத் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள்.

இந்த முறை அரசியல் கொந்தளிப்பில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தபோது, பொறியியலுக்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 400இல் 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் தேவைப்பட்டன. அந்த அநீதியின் காயம் ஆறவில்லை. 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டின் விளைவு வேறுவிதமானது. யாழ்ப்பாணத்தின் இடங்கள் சுருங்க, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களுக்கு முன்பு இல்லாத வாய்ப்புத் திறந்தது. 'தரப்படுத்தல்' என்று இரண்டையும் ஒரே பெயரால் சுட்டிப் பேசும்போது கிழக்கின் அனுபவம் மறைந்துபோகிறது. தமிழ் மாணவர் அனைவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதை அந்த ஆண்டுகளின் வரலாற்றை எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

மாவட்டப் பங்கீட்டுக்கு வாவி தெரியாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, கடலோர எழுவான்கரையையும் மேற்கேயுள்ள படுவான்கரையையும் பிரிக்கிறது. நகரமும், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும், சுவாமி விபுலாநந்தர் உருவாக்கிய கல்லடி சிவானந்தாவும் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. வயலும் குளமும் கால்நடையும் நிறைந்த மறுபக்கத்தில், உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் மிகக் குறைவு. பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ ஆசிரியர் கிடைப்பது அங்கே பெரும்பாடு. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் மட்டக்களப்பு மேற்கு வலயம் இந்தப் பக்கத்துக்கு உரியது.

எனவே பொறியியலோ மருத்துவமோ படிக்க விரும்பும் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பிள்ளை, சாதாரண தரம் முடிந்தவுடன் வாவியைக் கடக்க வேண்டியிருக்கிறது. உறவினர் வீடு, வாடகை அறை, பின்னேர ரியூசன், சாப்பாட்டுச் செலவு எல்லாம் விவசாயக் குடும்பத்தின் தலையில் ஏறுகின்றன. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, மண்முனைத்துறையில் படகுப் பாதையே போக்குவரத்தாக இருந்தது. பாலம் வந்தபின் நாள்தோறும் போய்வருவது சாத்தியமாயிற்று. ஒரு மாவட்டத்தின் பல்கலைக்கழக அனுமதியைப் பற்றிய எந்த ஆய்வும் இந்தப் பாலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து பங்கைப் பெற முயல்வதை விதி தடுக்கிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதைப் பார்த்தே மாணவரின் மாவட்டம் முடிவு செய்யப்படும். மாவட்டத்துக்கு உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்க்க அத்தகைய விதி எதுவும் இல்லை. நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலை மாணவரும் படுவான்கரையின் வெல்லாவெளி மாணவரும் அதே 17 இடங்களுக்கு ஒரே வெட்டுப்புள்ளியின் கீழ் நிற்கிறார்கள். இம்முறையின் பெருங்குறை இதுவே.

வந்தாறுமூலையும் கூட்ட இடமாற்றங்களும்

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்ட் 1இல் வந்தாறுமூலையில், பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததாக, விஞ்ஞானத்துடனும் விவசாயத்துடனும் தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று மருத்துவம் கற்பிக்கும் பீடமும், கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும், திருகோணமலை வளாகமும் அதற்கு உண்டு. இது தேசிய நிறுவனம் ஆகையால் பக்கத்து ஊர் மாணவருக்கு முன்னுரிமை எதுவும் இல்லை. வந்தாறுமூலைப் பிள்ளை ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக, தெற்கிலிருந்து சிங்கள மாணவர் வந்தாறுமூலைக்கு வருவது வழமை.

1983 ஜூலை வன்முறைக்குப் பின், கொழும்பு, பேராதனை, மொறட்டுவை வளாகங்களில் படித்த தமிழ் மாணவர் பலர் திரும்பிப் போக அஞ்சினர். தமிழ்ப் பகுதியிலேயே படிப்பைத் தொடர இடம் கேட்டு, 1984 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் சிலர் உண்ணாவிரதம் இருந்தனர். பல்கலைக்கழக இடமாற்றம் இந்நாட்டில் உயிரைப் பணயம் வைத்துக் கேட்கப்பட்ட கோரிக்கையாக இருந்தது என்பதற்கு அது சான்று.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. வந்தாறுமூலை வளாகம் சுற்றுப்புற மக்களின் அகதி முகாமாயிற்று. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதன் பின், முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர்களும் வந்தாறுமூலையில் தொடர முடியாமற் போயிற்று. அந்த வெளியேற்றத்தின் தொடர்ச்சியாகவே, முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால், 1995 ஒக்டோபர் 23இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996 மே மாதத்தில் பல்கலைக்கழகமாயிற்று. அது அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் அமைந்துள்ளது. ஒரே வாவிப் பிரதேசத்துப் பிள்ளைகள் இரண்டு வளாகங்களுக்குப் பிரிந்து போனதன் இழப்பை இரு சமூகங்களும் இன்றும் சுமக்கின்றன.

தற்போதைய நிலை

சாதாரண காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இடமாற்றம் உரிமையன்று, விதிவிலக்கு. ஒரே பாடநெறிக்குள், உரிய பல்கலைக்கழகங்களும் ஆணைக்குழுவும் இணங்கினாலே அது நடக்கும். அரையாண்டுகளும் பாட அலகுகளும் வளாகத்துக்கு வளாகம் வேறுபடுவதால், இணக்கம் கிடைத்தாலும் படித்ததை மீண்டும் படிக்க நேரலாம்.

ஆதலால் மாணவரின் உண்மையான கேள்வி வேறு. கிடைத்த இடத்தை ஏற்பதா, மறுபடி பரீட்சை எழுதுவதா? பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை மட்டுமே தோற்றலாம். ஓரிடத்தில் பதிந்து படிப்பைத் தொடர்பவர், பின்னர் எழுதிய பெறுபேற்றைக் கொண்டு மீண்டும் தெரிவாக முடியாது என்பது பொது விதி. பதிவு செய்யாதவர்களின் இடங்கள் அடுத்த கட்ட நிரப்பலில் கைமாறும் என்பதால், வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்பவர் அதுவரை காத்திருக்கலாம். வறிய குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பே ஒரு செலவு. பெண் பிள்ளையாயின் இன்னோர் ஆண்டு ரியூசனுக்கு அனுப்ப வீட்டார் தயங்குவது இன்றும் உண்டு.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள், உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்கள் ஆகியவை இருக்கின்றன. 2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் உயர் டிப்ளோமாவை நான்காம் மட்டத்திலும், மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்தாம் மட்டத்திலும், சிறப்புப் பட்டத்தை ஆறாம் மட்டத்திலும் வைத்து, ஓராண்டுப் படிப்புக்கு 30 திறமை அலகுகள் என வகுத்துள்ளது. டிப்ளோமாதாரியின் 60 அலகுகளை ஏற்று, அவரை அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டில் அமர்த்தும் பொதுவான ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை. உருவானால் முதலில் பயன்பெறுவோர், உயர்தரத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் தங்கள் ஊர்களில் படித்த படுவான்கரைப் பிள்ளைகளே.