கருகாத வயல்

தொண்ணூறுகளில் பள்ளியில் படித்தவர்களுக்கு ஓசோன் ஓட்டைப் பாடம் நினைவிருக்கும். ஓட்டை பெரிதானால் புற ஊதாக் கதிர் கூடும், கூடினால் பயிர்களின் ஒளிச்சேர்க்கை கெடும், விளைச்சல் விழும், பஞ்சம் வரும். நானும் இதை ஒரு கட்டுரைப் போட்டியில் உருக்கமாக எழுதி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன். போன வருஷம் என் மகள் அதே பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "எந்த ஊர்லப்பா இப்படி வெளைச்சல் கொறஞ்சுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கேயோ ஒரு வயல் கருகியிருக்கும் என்று இத்தனை காலம் நானாகவே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வயலைத் தேடித்தான் பழைய ஆய்வுக் கட்டுரைகளுக்குள் போனேன்.

கதிரின் கதை 1801ல் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ரிட்டர் என்பவர் முப்பட்டகத்தில் பிரிந்த ஒளியில் வெள்ளிக் குளோரைடை வைத்துப் பார்த்தார். ஊதா நிறம் முடிந்த பிறகு, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் அது சீக்கிரமாகக் கறுத்தது. பின்னாளில் இந்தக் கதிர்களை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். சி தரைக்கு வருவதே இல்லை. ஏ ஏறக்குறைய முழுசாக வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் பி, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலானது, ஓசோனின் தயவில் கொஞ்சமாக வருகிறது. நம் கதைக்கு வேண்டியது இந்த பி மட்டும்தான்.

செடிகளைப் பற்றிய கவலை ஓட்டையிலிருந்து பிறந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அது விமானத்திலிருந்து பிறந்திருக்கிறது. 1971ல் பெர்க்லியின் ஹெரால்ட் ஜான்ஸ்டன், ஒலியை மிஞ்சும் வேகத்தில் மிக உயரத்தில் பறக்கப்போகும் விமானங்களின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனைத் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் அந்த விமானத் திட்டம் அதே வருஷம் கைவிடப்பட்டது. கேள்வி மட்டும் நின்றது. போக்குவரத்துத் துறை ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. ஓசோன் குறைந்தால் மனிதத் தோலுக்கு என்ன ஆகும் என்பதோடு பயிருக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்கச் சொன்னார்கள். 1974ல் மொலினாவும் ரோலண்டும் குளிர்சாதனப் பெட்டியில் ஓடும் குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது, தாவரவியலாளர்கள் ஏற்கெனவே விளக்கும் தொட்டியுமாக வேலையில் இறங்கியிருந்தார்கள்.

அந்த விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழல் விளக்கு மாதிரியான புற ஊதா விளக்குகள் அவை. சி கதிரும் கொஞ்சம் கசியும் என்பதால் செல்லுலோஸ் அசிடேட் தாளைச் சுற்றுவார்கள். தாள் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழசாகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஒப்பீட்டுக்கு வைத்த செடிகளின் விளக்கில் பாலியெஸ்டர் தாள், அது பி கதிரையும் நிறுத்திவிடும். இதெல்லாம் பசுமைக்குடிலுக்குள்ளோ மூடிய வளர்ப்பறைக்குள்ளோ நடந்தது. முடிவுகள் பயங்கரமாக இருந்தன. இலை சுருங்கியது, தண்டு குட்டையானது. ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கிற இரண்டாம் ஒளித்தொகுதி உடைந்தது, குறிப்பாக அதன் மையத்தில் இருக்கும் டி1 புரதம். 200க்கும் மேற்பட்ட செடி வகைகளைச் சோதித்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏதாவது ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டன என்ற கணக்கு எண்பதுகளில் எல்லா அறிக்கைகளிலும் ஏறியது. என் டிபன் பாக்ஸுக்கு மூலதனம் இந்தக் கணக்குதான்.

அப்படியானால் வயல்? 1981 முதல் ஆறு வருஷம் மேரிலாந்தில் ஆலன் டெராமுரா குழுவினர் சோயாவைத் திறந்த வெளியில், விளக்குக்கு அடியில் விளைவித்தார்கள். ஓசோன் 25 சதவீதம் குறைந்தால் வரக்கூடிய அளவுக்குக் கதிர். எசெக்ஸ் என்ற ரகத்தில் விளைச்சல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வில்லியம்ஸ் என்ற ரகம் அப்படிக் குறையவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் எசெக்ஸிலும் பாதிப்பு தெரியவில்லை, வறட்சி செய்த சேதத்துக்குள் கதிர் செய்த சேதம் காணாமல் போய்விட்டது. ஆக நான் தேடிய வயல் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது வானம் கெட்டுக் கருகிய வயல் இல்லை, மனிதர்கள் விளக்குப் போட்டுப் பார்த்த வயல். அதிலும் விடை ரகத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று.

அறைக்குள் அவ்வளவு சேதமும் வெளியே இவ்வளவு குழப்பமும் ஏன் என்பதற்கான விடை 1949லேயே அச்சாகியிருந்தது. அதுவும் செடியைப் பற்றிய கட்டுரையில் இல்லை. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் ஒரு நுண்ணுயிரின் வித்துகளைப் புற ஊதாக் கதிரால் கொன்றுகொண்டிருந்தார். ஒரே அளவு கதிர்தான், ஆனால் ஒரு தடவை எல்லாம் செத்தன, இன்னொரு தடவை கூட்டமாக எழுந்து உட்கார்ந்தன. வெப்பநிலைதான் காரணம் என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார், ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் பட்ட குடுவைகள்தான் பிழைத்திருந்தன! கதிர் மரபணுவில் போட்ட முடிச்சை அவிழ்க்கிற ஒரு நொதி இருக்கிறது, அந்த நொதி வேலை செய்ய நீல ஒளியும் புற ஊதா ஏவும் வேண்டும். செடிகளிலும் இந்த நொதி உண்டு. ஆக, மங்கலான அறையில் வைத்து பி கதிரை மட்டும் அடித்தால், செடியைத் தாக்கிவிட்டு அதன் மருந்தையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி. இதை முதலிலேயே யோசித்திருக்கலாமே என்று இன்று சொல்வது சுலபம். நுண்ணுயிர்க்காரர்களின் சங்கதியைப் பயிர்க்காரர்கள் சேர்த்துப் பார்க்கக் காலம் பிடித்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கால்டுவெல். செடிகளைப் பொறுத்தவரை எந்த அலைநீளம் எவ்வளவு ஆபத்து என்று எடை போடும் வளைகோட்டை 1971ல் வரைந்தவர் அவர்தான். பிற்பாடு வந்த சோதனைகள் பலவும் அதை வைத்துத்தான் கதிரை அளந்தன. மேகம் வந்தால் தானாக மங்கி, வெயில் ஏறினால் கூடவே ஏறும் விளக்கு அமைப்பை 1983ல் செய்ததும் அவர்தான். அதன் கீழே கோதுமையும் காட்டு ஓட்ஸும் கலந்து வளர்ந்தன. ஒளிச்சேர்க்கை குறையவில்லை, மொத்த விளைவும் விழவில்லை. காட்டு ஓட்ஸ் மட்டும் ஒப்பீட்டில் குட்டையாகி, கோதுமை வெயிலைத் தட்டிப் பறித்துக்கொண்டது. அலாஸ்கா முதல் பெரு நாட்டு ஆண்டிஸ் வரை மலைச்செடிகளின் இலைத்தோலையும் அவர் குழு அளந்திருந்தது. பூமத்திய ரேகைப் பக்கத்து மலைகளில் 2 சதவீதக் கதிர்கூட இலைக்குள் நுழையவில்லை.

நம் பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. குழந்தைவேலுவும் மாணவர்களும் எண்பதுகளிலிருந்து தட்டைப்பயறை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். 1999ல் வெளிவந்த அவர்களது ஒரு கட்டுரையின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கதிரைக் கூட்டுவதற்குப் பதிலாக, இருக்கிற வெயிலிலிருந்து பி கதிரை வடிகட்டிவிட்டுச் செடி எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. மதுரை வெயிலில் விளக்கு எதற்கு?

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஆய்விதழ்களில் தொனி மாறுவது தெரிகிறது. இது பயிரின் ஒளிச்சேர்க்கைக்கு நிஜமான அச்சுறுத்தலா என்று தலைப்பிலேயே கேட்கும் கட்டுரைகள் 1995லும் 1998லும் வந்தன. பெரிய அச்சுறுத்தல் இல்லை என்ற பக்கமே அவை சாய்ந்தன. இலையின் மேல்தோலில் ஃப்ளேவனாய்டு போன்ற நிறமிகள் குடை பிடிக்கின்றன. அந்த நிறமி செய்யத் தெரியாத அரபிடாப்சிஸ் செடிகள் கதிரில் துவண்டுபோவதை 1993ல் காட்டினார்கள். 2011ல் இன்னொரு படி. யூவிஆர்8 என்ற புரதம் சாதாரணமாக ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், பி கதிர் பட்டதும் பிரிந்து, குடையைப் பிரிக்கச் சொல்லிச் செல்லுக்குள் ஆணை போகும். மற்ற ஒளியுணரிகள் தனியாக ஒரு நிறமித் துணுக்கை வைத்திருக்கும். இது தன் உடம்பிலேயே உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை வைத்தே கதிரைப் பார்த்துவிடுகிறது. சேதமாகும் வரை காத்திருக்காமல், கதிரை ஒரு செய்தியாகவே செடி படிக்கிறது.

அப்படியென்றால் அத்தனையும் வீண் பீதியா? இந்தக் கேள்வியை ஒரு நண்பர் கொஞ்சம் குதூகலத்தோடுதான் கேட்டார், பருவநிலை மாற்றத்தையும் நம்பாதவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1985ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகா ஓட்டையை அறிவித்தார்கள், 1987ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தோல் புற்றுநோய், கண்புரை என்று அதற்குத் தனிக் காரணங்கள் இருந்தன, சோயாவை நம்பி அது நிற்கவில்லை. தவிர, குடையே இல்லாத உயிர்களும் உண்டு. ஓட்டைக்கு நேர் கீழே, பனிவிளிம்புக் கடலில், மிதக்கும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை உற்பத்தி 6 முதல் 12 சதவீதம் குறைந்ததை 1990ல் ரேமண்ட் ஸ்மித் குழு அங்கேயே போய் அளந்தது. என் மகளின் கேள்விக்கு நேரடியான பதில் வேண்டுமென்றால் அந்தக் கடலைத்தான் காட்ட முடியும்.

பயிர்கள் தாங்கின என்பதும் ஓசோன் ஓரளவே குறைந்து நின்றதால்தான். ஒப்பந்தம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 2021ல் பால் யங் குழு கணினியில் ஓட்டிப் பார்த்தது. இந்த நூற்றாண்டின் முடிவில் செடிகளிலும் மண்ணிலும் தங்கும் கார்பன் 325 முதல் 690 பில்லியன் டன் வரை குறைந்திருக்கும் என்று வந்தது. வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தக் கற்பனை உலகத்தின் கதிர் அளவு யாரும் வயலில் சோதித்த அளவையெல்லாம் தாண்டியது.

மகளிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பரீட்சைக்கு எதை எழுதுவது என்பதுதான் அவள் கவலை. புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொன்னேன், கொஞ்சம் குற்ற உணர்வோடு. ஆனால் சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் வளர்க்கும் திருநீற்றுப்பச்சிலை மொட்டைமாடிச் செடி மாதிரி மணப்பதில்லை என்று ரொம்ப நாளாக அவளுக்கு ஒரு புகார் உண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடி பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2002ல் இதே செடியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பி கதிர் கிடைக்காத இலைகளில் மண எண்ணெய்ப் பைகள் சரியாக நிரம்பவில்லை. சொன்னதும் எழுந்துபோய்த் தொட்டியைத் தூக்கினாள். ஒரேயடியாக வெயிலில் வைக்காதே, இத்தனை நாள் கண்ணாடிக்குள் இருந்த செடி, இலை வெளுத்துவிடும் என்றேன். முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று இப்போது கணக்கு வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.