வீடு வாங்க நாம் தயாரா? பதுளையில் இருந்து ஒரு கணக்கு

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்களிடம் சொந்த வீட்டுப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், “முன்பணம் சேர்ந்தால் வாங்கிவிடலாம்” என்பதுதான். முன்பணம் சேர்ந்து வங்கியும் சம்மதித்துவிட்டால் தயாராகிவிட்டோம் என்று நினைக்கிறோம். வங்கி கவலைப்படுவது தன் பணம் திரும்பி வருமா என்பதைப் பற்றி மட்டுமே. அதற்கு வீடே பிணையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: உறுதி எழுதிய மறுநாள் கையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வி நம் பகுதியில் ஏன் முக்கியம் என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. 2020இல் ஊரடங்கு. 2022இல் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல், அதனோடு மண்சரிவுகள். ஏழு வருடங்களுக்குள் நான்கு அடிகள். நகரத்தில் கடை வைத்திருப்பவரின் வருமானம் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி இருக்கிறது. பாதை உடைந்து தோட்டத்துச் சனம் இறங்காவிட்டால் கடையில் வியாபாரம் இல்லை. கொழும்பில் அரச உத்தியோகம் பார்ப்பவருக்கு மூன்று மாதச் செலவுப் பணம் கையிருப்பாகப் போதலாம். நமக்குக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். அந்த ஆறு மாதப் பணத்தை முன்பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு வாங்குபவர் தயாராகவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 80 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். அதுவே 3 இலட்சத்து 19 ஆயிரம். இதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், உரித்துத் தேடுதல், நில அளவை, வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம். பிறகு வீட்டுக்குள் போனதும் தண்ணீர்த் தாங்கி, கேட், ஒழுகும் கூரை. மலைச் சரிவில் வாங்கினால் தாங்கு சுவர் ஒன்றே சில இலட்சங்களை விழுங்கும். 30 இலட்சம் சேர்த்து வைத்திருப்பவர் அதில் 5 இலட்சத்தையாவது முன்பணக் கணக்கில் இருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

மாதத் தவணையைப் பாருங்கள். 50 இலட்சத்தை 15 வருடத்துக்கு 12 சதவீதத்தில் எடுத்தால் மாதம் சுமார் 60,000 ரூபா. அதே விகிதம் 18 ஆனால் 80,500. 24 ஆனால் 1 இலட்சத்து 3 ஆயிரத்துக்குக் கிட்ட. 24 சதவீதம் கற்பனை அல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட இறுதியில் வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன் விகிதமே அதையும் தாண்டியிருந்தது. இன்று விகிதம் இறங்கியிருக்கலாம். பதினைந்து வருடம் இறங்கியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

“நாங்கள் வட்டிக்குப் போவதில்லை, இஸ்லாமிய வங்கியில்தான் எடுக்கிறோம்” என்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த வழி நமக்குத் திறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. வேறு வங்கிகளிலும் தனிப் பிரிவுகள் உண்டு. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஹலாலான ஒப்பந்தம் என்பதால் தவணை மாறாது என்று அர்த்தமில்லை. வீட்டுக்குப் பெரும்பாலும் தரப்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. வங்கியும் நீங்களும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டே அந்தப் பங்குக்கு வாடகை கொடுப்பீர்கள். அந்த வாடகை குறித்த காலத்துக்கு ஒருமுறை சந்தை விகிதத்தைப் பார்த்து மீளாய்வு செய்யப்படலாம். முறாபஹாவில் விற்பனை விலை ஆரம்பத்திலேயே நிர்ணயமாகிவிடும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: மீளாய்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? உச்ச வரம்பு உண்டா? தாமதமானால் என்ன நடக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தயார்நிலையின் ஒரு பகுதி. நம்மில் பலருக்கு அது மூன்று துண்டுகள்: மனைவியின் நகை, சீட்டு, சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் மச்சான். சீட்டை முதலில் எடுத்தவருக்கு அது சேமிப்பல்ல, கடன். தவணையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். நகை மஹராக வந்ததென்றால் அது மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தால் வீட்டில் அவர் பெயரும் இருப்பதுதான் நியாயம். மச்சானின் பணம் கடனா, அன்பளிப்பா என்று பேசாமலே வாங்கிவிடுகிறோம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தனியார் நிறுவனத்தில் அல்லது தோட்டத்தில் வேலை செய்பவர் தன் ஊழியர் சேமலாப நிதியை மறந்துவிடக் கூடாது. பத்து வருட அங்கத்துவமும் 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், வீட்டுத் தேவைக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அது முதுமைக்கான பணம் என்பதால் கடைசித் துண்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவாக வரும் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு மூத்த நானா வீட்டை விற்கிறார், விலையும் குறைவு. இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மார்க்கச் சட்டத்தையே பின்பற்றுகிறது. உம்மாவுக்கும் ராத்தாமாருக்கும் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்திடாத உறுதியில் நீங்கள் வாங்குவது நானாவின் பங்கை மட்டும்தான். வழக்குச் செலவு என்ற ஒன்றை யாரும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

அனுமதிப்பத்திரக் காணியும் அப்படித்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. தோட்டப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதே தவிர நிலம் அரசினுடையதே. லயன் அறையையோ அதை ஒட்டி இழுத்துக் கட்டிய வீட்டையோ, கடைக் காணியையோ “எழுதித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால், அந்தத் தாளைக் காணிப் பதிவகம் ஏற்காது, வங்கியும் ஏற்காது. எத்தனையோ வருடம் அங்கே கடை நடத்திய குடும்பத்துக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான்.

சரிவையும் பார்த்துவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன்கள் புதையுண்டன. அங்கே முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. முற்பணம் கொடுப்பதற்கு முன் காணியின் வரைபடத்தோடு அங்கே போய்க் கேளுங்கள். காப்புறுதியோ தகாபுலோ எடுத்தால் மண்சரிவு அதில் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது வீடு கேட்கிறார்கள் என்பதற்காக அவசரமாக வாங்கும் பழக்கம் நம்மிடம் குறையவில்லை. வாடகை வீட்டில் இருப்பதில் வெட்கம் ஏதுமில்லை. ஐம்பத்தைந்து வயது வாப்பாவைப் பதினைந்து வருடத் தவணைக்குள் தள்ளிவிட்டுக் கட்டும் திருமணத்தைப் பற்றித்தான் ஜமாஅத்துகள் பேச வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வருடம் ஒத்திகை பாருங்கள். வாடகை 25,000, வரப்போகும் தவணை 60,000 என்றால், வித்தியாசமான 35,000 ரூபாவை ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே வேறு கணக்கில் போடுங்கள். அந்த வருடத்துக்குள் நோன்பு வரும், இரண்டு பெருநாளும் வரும், புது வகுப்புக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கும் நாளும் வரும், யாராவது ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். அந்தக் கணக்கில் கை வைக்க நேர்ந்தால் எந்த மாதம், எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எடுத்த தொகையைப் பன்னிரண்டால் பிரித்து 60,000இல் கழித்தால், இப்போதைக்கு உங்களால் தாங்கக்கூடிய தவணை எவ்வளவு என்பது தெரியும். அதற்கேற்ற விலையில் வீடு தேடலாம்.