கண்டிச் சாலையும் தானாய் அணையும் எஞ்சினும்

கார் நின்றதும் எஞ்சினைத் தானே அணைத்து, பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் மறுபடி எழுப்பிவிடும் ஏற்பாடு கண்டி வீதிகளில் பரவியது ஜப்பானிலிருந்து வந்திறங்கிய ரிகண்டிஷன் கார்களோடுதான். சுசுகி வெகன் ஆர், டொயோட்டா அக்வா, ஹொண்டா ஃபிட் ஆகியவை அவற்றில் அதிகம் கண்ணில் படுபவை. ஆனால் எஞ்சினை அணைத்துப் பெற்றோலை மிச்சம் பிடிக்கும் பழக்கம் மலைநாட்டில் இந்தக் கார்களைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. அதைப் பிறப்பித்தது சாலையின் சரிவு.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபோது கொழும்பிலிருந்து அங்கே வண்டி போகத் தக்க பாதை கிடையாது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் வெட்டுவித்த சாலையே அந்தக் குறையைத் தீர்த்தது. அதை அமைத்த பொறியாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1832இல் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் வந்தது. கடலோரத்தில் புறப்படும் சாலை கண்டியில் சுமார் 500 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அந்த ஏற்றம் வழி நெடுகப் பரவிக் கிடக்கவில்லை. மாவனல்லையைத் தாண்டியபின் கடுகண்ணாவை மேட்டில்தான் அதன் பெரும்பகுதி குவிந்திருக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் கணக்குப் பார்த்து வளைத்த இந்தச் சரிவைத்தான் மோட்டார் வாகனம் சீதனமாகப் பெற்றது. ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையே இராது.

வேலையில்லாத எஞ்சினை அணைத்துவிடலாம் என்ற எண்ணம் முதல் காலத்துச் சாரதிகளுக்கு எளிதில் வந்திராது. அப்போது எஞ்சினை எழுப்பக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912இல் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பிறகே அணைப்பதும் எழுப்புவதும் பொத்தான் வேலையாயிற்று. அதன் பின்னும் கைப்பிடி உடனே மறையவில்லை. இலங்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனரின் முன்புறத்தில் அதற்கென விட்ட துளையைப் பார்க்கலாம். பற்றரி சோர்ந்த காரை இரவில் மேட்டில் நிறுத்தி வைத்து, காலையில் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது மலைநாட்டு வீடுகளின் சொந்த உபாயம். சமவெளிக்காரர் ஆள் தேடித் தள்ள வேண்டும். கண்டிக்காரருக்கு மலையே தள்ளிக் கொடுக்கும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியையும் அணைத்து உருண்டு போகும் வழக்கத்துக்கு இவை போதுமான நியாயங்கள். கார்ப்பரேட்டர் உள்ள எஞ்சின் சும்மா சுழலும்போதும் பெற்றோல் குடிக்கும். ஆகையால் சிறிது மிச்சமானது உண்மை. அதற்குக் கொடுத்த விலை அதிகம். கியர் பிடிக்காத வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடி தளரும். பிரேக்கை இலேசாக்கும் வெற்றிட உதவி எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதியலில் அதுவும் தீரும். பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எஞ்சின்கள் வந்ததும் கணக்கே தலைகீழாயிற்று. கியரில் இறங்கும்போது அவை எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை உயிரோடு வைக்கக் கொஞ்சம் ஊற்றும். ஆனாலும் பழக்கம் கணக்கைப் பார்த்து மாறுவதில்லை. நியூட்ரலில் இறங்குவோர் இன்றும் உண்டு.

தானாக அணைக்கும் கருவி பிறந்தது சரிவில் அல்ல, நெரிசலில். 1970களின் நடுவில் டொயோட்டா கிரவுன் காரொன்றில் பொருத்திய மின்னணுக் கருவி, வண்டி நின்று சுமார் ஒன்றரை நொடியில் எஞ்சினை அணைத்தது. டோக்கியோ நெரிசலில் நடந்த சோதனையில் எரிபொருள் சிக்கனம் 10 வீதம் கூடியது. 1980களில் ஃபியட்டும் ஃபோக்ஸ்வாகனும் முயன்றன. 1993இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஈக்கோமெட்டிக் வாங்குவோரிடம் எடுபடவில்லை. எஞ்சின் அணைவதைப் பழுதாகவே மக்கள் உணர்ந்தார்கள். 1997இல் வந்த டொயோட்டாவின் கலப்பினக் கார் பிரியஸ் அந்த அச்சத்தைத் தணித்தது. 2012இல் சுசுகி ஜப்பானிய வெகன் ஆருக்குக் கொடுத்த ஏற்பாடு, வண்டி நிற்கும்வரைகூடக் காத்திராமல், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் எஞ்சினை அணைத்தது. 2014இல் அதே காரில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒன்றாகி, பெல்ட் வழியே எஞ்சினைச் சத்தமின்றி எழுப்பத் தொடங்கின. சிறிய எஞ்சினுள்ள கலப்பினக் கார்களுக்கு இலங்கையில் வரி குறைவாக இருந்த காலத்தில் இந்த வகைகள் ஏராளமாக வந்தன; 2018இல் அந்த வரி உயர்ந்தது.

எஞ்சினுக்கு இதனால் கேடா என்ற கேள்வி கராஜ்தோறும் கேட்கிறது. கேள்வி நியாயமானது. சுழலும் கிராங்க் தண்டு தன் பேரிங்குகளைத் தொடுவதில்லை. இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. சுழற்சி நின்றால் தண்டு இறங்கி உலோகத்தில் அமரும். மறுபடி எழும் முதல் சில சுற்றுகளில் உலோகம் உலோகத்தை உரசும். வழக்கமான கார் வாழ்நாளில் 50,000 தடவைக்குள் ஸ்டார்ட் ஆகும் என்பது பேரிங் உற்பத்தியாளர்களின் கணக்கு. தானாக அணையும் காரில் அது பல இலட்சமாகும். இதற்கெனவே பேரிங்குகளுக்குப் பொலிமர் பூச்சுக் கொடுத்தார்கள், ஸ்டார்ட்டரின் பற்களையும் கரித்துண்டுகளையும் பலப்படுத்தினார்கள். இன்னொன்றும் உண்டு. எஞ்சினைத் தின்பது பெரும்பாலும் விடியற்காலைக் குளிர் ஸ்டார்ட்; எண்ணெய் வடிந்து கீழே இறங்கியிருக்கும் நேரம் அது. வீதியில் அரை நிமிடம் அணைந்த எஞ்சினில் எண்ணெய் சூடாகவும் இடத்திலேயேயும் இருக்கும். எஞ்சின் சூடேறும்வரை கருவி வேலை செய்யாததும் இதையொட்டித்தான். அக்வா, பிரியஸ் வகைகளில் தனி ஸ்டார்ட்டரே இல்லை. பெரிய மின்மோட்டர் எஞ்சினை வேகமாகச் சுழற்றிய பின்னரே பெற்றோல் பாயும்.

கண்டி நகரம் இந்தக் கருவிக்குக் கடினமான பரீட்சை. ஹந்தானை, பஹிரவகந்தை, உடவத்தகெலே என மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் நகரம் அடங்கியிருக்கிறது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை வழிகளில் வரும் வாகனங்களெல்லாம் அதன் ஒடுங்கிய அடியில் வந்து சேர்கின்றன. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பின் அதற்கு முன்னுள்ள வீதி போக்குவரத்துக்கு மூடப்பட்டதால் மற்ற வீதிகளில் சுமை கூடியது. புகை இக்கிண்ணத்தில் தேங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். நிற்கும் எஞ்சின் அணைவது இங்கே பணத்துக்கு மட்டுமன்றி மூச்சுக்கும் நல்லது. ஆயினும் 10 நொடிக்கு மேல் நின்றால்தான் அணைத்து எழுப்புவது இலாபம் என்கிறது அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகம். கெட்டம்பேயிலிருந்து குட்செட் வரை அடியடியாக ஊரும் வரிசையில் மூன்று நொடிக்கொருமுறை அணைந்து எழுவதில் மிச்சம் சொற்பம். அந்த நேரத்தில் சாரதி பொத்தானை அழுத்திக் கருவியை நிறுத்திவைப்பது தவறாகாது. செங்குத்தான ஏற்றத்தில் பல கார்கள் தாமாகவே அணைய மறுக்கும். கண்டியின் இதமான காற்று மட்டும் கருவிக்குச் சாதகம்: கொழும்பில் ஏசிக்காக எஞ்சின் சீக்கிரமே எழுந்துவிடும், இங்கே அந்த அவசரம் குறைவு.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கருவி இல்லாத வண்டிகளும் எஞ்சினை அணைத்துக் கிடந்தன. ஜூன் மாதத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பெற்றோல் செட்டுகளின் முன்னே நீண்ட வரிசைகளில் காரை ஸ்டார்ட் செய்யாமல் கையால் தள்ளியே நகர்த்தினார்கள். ஜூலையில் வந்த கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்தது. கார் இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டதால் இருக்கும் கார்கள் முதுமையடைந்தன. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது.

அந்த ஐந்து ஆண்டுகள் காட்டிக்கொடுத்த பலவீனம் எஞ்சினில் இல்லை, பற்றரியில் இருந்தது. எஞ்சின் அணைந்திருக்கும்போது விளக்கு, மின்விசிறி, வானொலி அனைத்தும் பற்றரியையே உறிஞ்சும். எழுப்பும் வேலையும் அதற்கே. இதற்கான பற்றரிகள் ஆழமாக வடிந்து விரைவாக ஏறும்படி கட்டப்பட்டவை, விலையும் கூடியவை. மலிவென்று சாதாரண பற்றரியைப் பூட்டினால் அது அற்பாயுசில் முடியும், அல்லது கருவி பேசாமல் படுத்துவிடும். தானாக அணையும் கார்களுக்கான பற்றரிகளை ஜப்பானியர் கே-42, எம்-42, கியூ-85 போன்ற தனிக் குறிகளால் பிரித்திருக்கிறார்கள். பற்றரி மாற்றும் நாளில் பழையதின் மேலுள்ள அந்தக் குறியைப் படித்து அதையே கேட்டு வாங்க வேண்டும்.