காவல் என்னும் அமானிதம்

வையை ஆற்றின் வடகரையில், மாமதுரைக்கு எதிரே அமைந்துள்ளது செல்லூர். கண்மாயும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்து, பின்னர்த் தறியோசை நிறைந்த நெசவாளர் பேட்டையாகி, இன்று மாநகரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அங்கே இப்பொழுது ஒரு காவல் நிலையம் இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர் எந்தக் காவல் நிலையத்தின் படியேறினாலும் செய்யக்கூடியது ஒன்றுதான்: முறையிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. கிடைத்தால் கிடைத்தது, இல்லையேல் போனது போனதுதான்.

ஆனால், இதே மதுரைச் சீமையின் சிற்றூர்களில் ஒரு காலத்தில் வேறொரு முறை நிலவியது. களவு போன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தாமே ஈடு செய்யவேண்டும்! இம்முறை எவ்வாறு நடந்தது? எவ்வாறு மறைந்தது? அது மறைந்தபோது நாம் எதை இழந்தோம்? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மதுரையின் காவல் மிகத் தொன்மையானது. நள்ளிரவில், மழை கொட்டினும் தளராது தெருக்களைச் சுற்றி வந்த ஊர்க்காப்பாளரைப் பற்றி மதுரைக்காஞ்சி விரிவாகப் பேசுகிறது. அதே மதுரையில்தான், தீர விசாரியாமல் கோவலனைக் கள்வனெனக் கொண்டு வெட்டிய கதையையும் சிலப்பதிகாரம் சொல்கிறது. காவலின் பெருமையும் காவலின் பிழையும் ஒருங்கே இந்நகரின் இலக்கியத்தில் இடம் பெற்றுவிட்டன. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலோ 'பாடிகாவல்' என்றொரு வரியைக் காண்கிறோம். ஊரைக் காப்பதற்கென ஊரார் செலுத்திய வரி அது.

நாயக்கர் காலத்தில் இம்முறை பாளையக்காரர் கையிலும் ஊர்க் காவற்குடிகளின் கையிலும் வந்து சேர்ந்தது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர் பல ஊர்களின் காவலை ஏற்றிருந்தனர். அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவர்களுக்குத் தானியம் அளக்கப்பட்டது. அதற்கு மாறாக ஊரின் மாடும் வைக்கோற்போரும் விளைச்சலும் அவர்கள் பொறுப்பாயின. கூலியும் பொறுப்பும் ஒரே தராசின் இரு தட்டுகளாக இருந்தன.

இதே நெறியை வடக்கே முகலாயர் ஆட்சியிலும் காண்கிறோம். நகரக் காவலின் தலைவரான கொத்துவாலின் கடமைகளை அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரியில் அடுக்கிக் கூறுகிறார். வீடுகளைக் கணக்கெடுத்தல், பேட்டைதோறும் ஒரு தலைவரை நியமித்தல் முதலியவற்றோடு, திருடனையும் திருட்டுப் பொருளையும் கண்டுபிடித்தல், இல்லையேல் இழப்புக்குத் தாமே பொறுப்பாதல் என்பதும் அவற்றுள் ஒன்று! சென்னையின் கொத்தவால் சாவடி இன்றும் அப்பதவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, மதீனாவின் தெருக்களில் இரவு தோறும் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பசித்த குழந்தைகளின் வீட்டுக்குத் தம் முதுகிலேயே மாவு மூட்டையைச் சுமந்து சென்ற வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். கள்வரைப் பிடிப்பது மட்டுமன்று, ஊரின் துயரை அறிவதும் காவலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், பழங்காவல் முறை குறையற்றது என நாம் கூறவில்லை. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு பெருகிற்று. மறைந்த மாட்டைத் திரும்பப் பெற இடையாள் வழியே 'துப்புக் கூலி' கொடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! 1759 முதல் மதுரையை ஆண்ட கம்மந்தான் கான் சாகிபு, யூசுப் கான், கடுமையான கரத்தால் சீமையில் ஒழுங்கை நிலைநாட்டினார். ஆனால் 1764 அக்டோபர் 15இல் அவரே மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1896ஆம் ஆண்டையொட்டி இம்மாவட்டத்தின் பல ஊர்களில் மக்கள் ஒன்றுகூடிப் பழைய காவற்காரரை விலக்கினர். அப்போது தீவைப்பும் கலகமும் நிகழ்ந்தன.

இதனிடையே கும்பினி ஆட்சி தன் முறையைப் புகுத்தியிருந்தது. 1816ஆம் ஆண்டின் சட்டங்கள் கிராமத் தலைவரைச் சிறு வழக்குகளை விசாரிக்கும் முன்சீபாகவும், தலையாரியின் துணையோடு ஊர்ப் போலீஸாகவும் ஆக்கின. ஊருக்குள் வந்த அயலாரைக் கவனித்தல், குற்றம் நிகழ்ந்தால் மேலிடத்துக்கு அறிவித்தல், பிற்காலத்தில் பிறப்பு இறப்பைப் பதிதல் எனப் பல பணிகள் அச்சிறிய இலாகாவின் தலையில் விழுந்தன. ஆனால், 'தாழ்ந்தோர்' எனப்பட்ட சாதியினரைத் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரமும் அச்சட்டத்திலேயே இருந்தது. ஒரே குற்றத்துக்குச் சாதி பார்த்துத் தண்டனை! வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை, 1855இல் அறிக்கை தந்த சென்னை மாகாண விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அதன் பின்னரே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டப்படி வரித்துறையினின்றும் பிரிந்த புதிய போலீஸ் இலாகா தோன்றியது. சீருடையும் சம்பளமும் வந்தன. இழப்பை ஈடு செய்யும் பொறுப்போ அதன் சட்டத்தில் இடம் பெறவில்லை.

அதனினும் கொடிய மாற்றம் ஒன்று பின்னர் நேர்ந்தது. ஊரைக் காத்த குடியே காவலில் வைக்கப்பட்டது! குற்றப்பரம்பரைச் சட்டம் 1914 தொடங்கிப் பிறமலைக் கள்ளர் மீது படிப்படியாகப் பாய்ந்தது. ஆண்கள் கைரேகை பதியவேண்டும். இரவில் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுச் செல்ல இராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸார் சுட்டனர். பெண்ணொருத்தி உட்பட பதினாறுக்குக் குறையாதோர் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர்.

ஆனால் வரலாறு விந்தையானது. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், அதே போலீஸ் இலாகாவின் மேற்பார்வையிலேயே கள்ளர் சீரமைப்புப் பணி தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் எழுந்தன, கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன, ஊர்ப் பஞ்சாயத்துகள் கூடின. அடக்குவதற்கென வந்த கை, வற்புறுத்தியேனும் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது, பள்ளிகளோ நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் பல தலைமுறையினர் அவற்றில் கற்று உயர்ந்தனர். துப்பாக்கி சாதிக்காததைக் கரும்பலகை சாதித்தது என்றால் அது மிகையாகாது.

விடுதலைக்குப் பின்னும் இத்தேடல் தொடர்ந்தது. 1980 நவம்பரில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தம் துயரைப் பெண்ணிடமே சொல்லும் வாய்ப்பு நம் தாய்மாருக்குக் கிட்டியது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் 'காவலர் நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். ஊராரும் காவலரும் மீண்டும் கைகோக்கும் முயற்சி அது. ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமைக்குப் பின், அவ்வியக்கத்தின் பணிகளைத் தமிழக அரசு நிறுத்தியது. 2025 ஜூனில், மதுரைக்கு அருகே மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியிலேயே உயிரிழந்தார். காவலர் சிலர் கைதாயினர். தீர விசாரியாமல் மாண்ட கோவலனின் கதை பழங்கதை மட்டும்தானா?

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. காவல் என்பது அதிகாரமன்று; அஃது ஓர் அமானிதம். அடைக்கலமாகப் பெற்ற பொருளுக்கு எவ்வாறு கணக்குக் கூற வேண்டுமோ, அவ்வாறே தம் பொறுப்பில் வந்த உயிருக்கும் மானத்துக்கும் காவலர் கணக்குக் கூறவேண்டும். அந்தக் காவற்கூலி முறை திரும்பி வரவேண்டாம். அதன் உள்ளே இருந்த அந்தப் பொறுப்புணர்வு வரட்டும். ஊரார்க்கும் இதில் பங்குண்டு. சாட்சி சொல்ல அஞ்சி ஒதுங்குவோரும், வழக்கை முடிக்கக் கையூட்டு நீட்டுவோரும் நல்ல காவலை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

செல்லூரின் தறி ஒன்றை நினைத்துப் பார்ப்போம். பாவும் ஊடும் ஒன்றையொன்று பற்றினால்தான் துணி. ஒன்று அறுந்தால் மற்றது வெறும் நூல். ஊரும் காவலும் அத்தகையனவே. அறுந்த இழையை முடிந்துவிட்டுத் தறியைத் தொடர்ந்து இயக்கும் அந்நெசவாளரின் பொறுமை, காப்போருக்கும் காக்கப்படுவோருக்கும் வாய்க்குமாக!