சைக்கிள் சுத்திச் செய்தி கேட்ட காலமும் ஒரு மூன்று கால் சில்லும்

1990 நடுப்பகுதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருசம் கரண்ட் இல்லை. எங்கட தலைமுறைக்கு இது ஒரு வரியில் முடிஞ்சுபோற தகவல். ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது என்று அம்மாக்கள் தொடங்கினால், "திரும்பவும் தொடங்கிட்டீங்களா" என்று எழும்பிப் போற ஆக்கள்தான் நாங்களும். ஆனால் அந்தக் கதைகளில் ஒன்றுக்கு மட்டும் எப்பவும் திரும்ப வந்து இருந்திருக்கிறோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில் வாற கரண்டில் ரேடியோ கேட்ட கதை.

பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடை. வீட்டில் ரேடியோ இருக்கு, அதுக்குப் போட ஒன்றும் இல்லை. செய்தி கேளாமல் இருக்கவும் ஏலாது. எந்தப் பக்கம் ஆமி நகருது, எந்தப் பாதை திறந்திருக்கு என்பதெல்லாம் அப்ப உயிரோட சம்பந்தப்பட்ட விசயம். இரவில் பிபிசி தமிழோசை, அதைவிட வெரித்தாஸ் வானொலி. ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் நாலு வீட்டுச் சனம் முற்றத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகள் முறை வைத்துப் பெடல் சுத்துவார்கள்.

கதையாகக் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. டைனமோ தாற வோல்ற்றளவு சுத்துற வேகத்தோட ஏறி இறங்கும். பத்து வயசுப் பிள்ளை சீராகவா சுத்தும்? அப்ப அந்த ரேடியோக்கள் ஏன் எரியவில்லை?

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்ததே 2022இல் எங்கட ரவுட்டர் எரிந்தபோதுதான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. அப்ப நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம், வகுப்பெல்லாம் சூமில். ரவுட்டருக்கு 12 வோல்ற், மோட்டார் சைக்கிள் பற்றரியும் 12 வோல்ற். கணக்குச் சரி என்று எங்களில் ஒருவன் நேரே கொழுவினான். பற்றரிக்குப் பழைய சார்ஜர் ஒன்றும் போட்டிருந்தது. இரண்டு கிழமை வடிவாக வேலை செய்தது. ஒருநாள் பற்றரி கிளிப் கழன்றது யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் வந்தவுடன் சார்ஜரின் முழு வோல்ற்றளவும் ரவுட்டருக்குள் போனது. மணந்த பிறகுதான் விளங்கினது. பற்றரி வெறும் கரண்ட் சேமிக்கிற பெட்டியில்லை, சார்ஜரைத் துள்ளாமல் பிடித்து வைத்திருந்ததும் அதுதான்.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 'மாறாத வோல்ற்றளவு' என்பதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. தேடத் தேட எங்களுக்கு அது போர்க் கதையைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

சுவரில் வாறது 230 வோல்ற் ஆடலோட்டம். அதைக் குறைத்து, இருவாயிகளால் நேரோட்டமாக்கி, கொள்ளளவி போட்டு ஒப்பமாக்கினால் ஒரு அடாப்டர் வந்துவிடும். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகம் இவ்வளவோட நிற்கும். ஆனால் சுவரில் கொஞ்சம் கூடினால் அதிலும் கூடும், சுமை ஏறினால் இறங்கும். அதைக் கட்டிப்போட மூன்று விசயம் வேணும்: மாறாத ஒரு அளவுகோல், வெளியே வாறதை அதோட ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஒன்று, வித்தியாசம் தெரிந்தால் கூட்டிக் குறைக்கிற ஒரு கை.

கஷ்டமானது அளவுகோல்தான். 1893இல் எட்வர்ட் வெஸ்டன் காட்மியமும் இரசமும் வைத்து ஒரு மின்கலம் செய்தார். 1.0183 வோல்ற், அசையாது. உலகத்து ஆய்வுகூடங்கள் எல்லாம் பல காலம் அதை வைத்துத்தான் வோல்ற்றை அளந்தன. ஆனால் அதிலிருந்து கரண்ட் எடுத்துப் பாவிக்க ஏலாது, எடுத்தால் கெட்டுவிடும். பிறகு குறைகடத்திக் காலம் வந்தது. 1934இல் காவலிப் பொருட்கள் மின்னழுத்தத்தில் உடைகிற விதத்தைப் பற்றி எழுதிய கிளாரன்ஸ் சேனரின் பெயரை ஒரு இருவாயிக்கு வைத்தார்கள். சேனரைத் தலைகீழாகப் போட்டால், குறித்த ஒரு வோல்ற்றளவு வரைக்கும் மறித்து நிற்கும், அதுக்கு மேல வாறதைத் தனக்குள்ளால விட்டுவிடும். குளத்து வான் மாதிரி.

எங்களுக்குப் பிடித்த ஆள் பொப் விட்லர். அமெரிக்கர், 1937இல் பிறந்தவர், பெரிய குடிகாரர். வேலை செய்த கொம்பனி செலவைக் குறைக்கப் புல் வெட்டுவதை நிப்பாட்டினபோது, ஒரு செம்மறியைக் கொண்டுவந்து முன்வாசலில் மேய விட்டவர். 1970 அளவில் அவர் வடிவமைத்த எல்எம்109 இந்த மூன்று வேலையையும் ஒரே சில்லுக்குள் செய்தது. மூன்றே கால்: உள்ளே, வெளியே, பூமி. வெளியே 5 வோல்ற்.

அளவுகோலுக்கு அவர் செய்ததுதான் விசேசம். சிலிக்கன் சூடேறினால் ஒரு திரான்சிற்றரின் அடி-காலி வோல்ற்றளவு இறங்கும், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ற். எல்லாரும் அதைக் குறையாகப் பார்த்தார்கள். வேறு வேறு அடர்த்தியில் கரண்ட் ஓடுகிற இரண்டு திரான்சிற்றர்களின் வித்தியாசத்தை எடுத்தால் அது சூட்டோட ஏறும். இறங்குறதையும் ஏறுறதையும் அளவாகக் கூட்டினால் 1.2 வோல்ற்றுக்குக் கிட்ட ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அசைகிற இரண்டு சாமானை வைத்து அசையாத ஒன்றைச் செய்தார் மனுசன். சில்லு அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் தானே நிப்பாட்டிக்கொள்ளவும் வழி வைத்தார். எழுபதுகளின் தொடக்கத்திலேயே 7805 வந்தது. இன்றைக்கும் எந்தப் பழைய போர்டைக் கழற்றினாலும் கண்ணில் படுற கறுப்புச் சில்லு அதுதான்.

இதில் ஒரு குணம் இருக்கு. 7805க்கு 5 வோல்ற் தர, உள்ளே அதைவிட ஏறக்குறைய 2 வோல்ற் கூட வரவேணும். கூட வாறதை அது சேமிக்காது, சூடாக்கி எறியும். 12 வோல்ற்றைக் கொடுத்து 1 அம்பியர் எடுத்தால் எங்களுக்குக் கிடைப்பது 5 வாற்று, காற்றில் போவது 7 வாற்று. சுவரில் கை வைத்தால் கரண்ட் வரும் என்ற நம்பிக்கையில் பிறந்த சாமான். எறிய மிச்சம் இருக்கிற இடத்துக்கானது.

யாழ்ப்பாணத்துச் சைக்கிளில் மிச்சம் இருந்ததா? இருந்தது, பிழையான இடத்தில். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்று. முன் லைட்டும் பின் லைட்டும் சேர்ந்து அரை அம்பியர் இழுக்கும் என்று நினைத்துச் செய்தது. அந்தச் சுமை இருக்கும் வரைக்கும் 6க்குக் கிட்ட நிற்கும். ஒரு சின்ன ரேடியோ இழுப்பதோ அதில் பத்தில் ஒரு பங்கும் வராது. சுமையில்லாத டைனமோவை வேகமாகச் சுத்தினால் 6 வோல்ற்றைத் தாண்டி எங்கேயோ போகும். மெதுவாகச் சுத்தினாலும் பிரச்சினை. சிற்றலையில் நிலையம் நழுவும், லண்டன் போய்ச் சீனா வரும்.

ஆகவே வீட்டில் ஒரு ரெகுலேற்றர் இருந்துதான் இருக்கு. அளவுகோல் செய்தி வாசிக்கிறவரின் குரல். ஒப்பிடுவது அம்மம்மாவின் காது. "மெல்லச் சுத்தடா", "என்ன நித்திரையா, சுத்து" என்று வந்துகொண்டே இருக்கும். திருத்துற கை பிள்ளையின் கை. விட்லர் சில்லுக்குள் அடைத்த மூன்றையும் நாலு வீட்டுச் சனம் முற்றத்தில் இருந்து செய்தது. போரைப் பற்றி நாங்கள் வாசித்த புத்தகங்களில் தாக்குதல்களின் பெயரும் திகதியும் இருக்கு, இந்தப் பிள்ளைகளின் தோள் நோவு இல்லை. 95 இடப்பெயர்வில் டைனமோவையும் ரேடியோவையும் உடுப்புப் பையோட கட்டிக்கொண்டு வன்னிக்குப் போன குடும்பங்களைத் தெரியும். அங்கேயும் பெடல் சுத்தித்தான் கேட்டார்கள்.

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா கரவெட்டியில் இருக்கிறார். அந்தக் காலத்து ரேடியோவை இன்னும் அலுமாரிக்கு மேல வைத்திருக்கிறார். போன தைப்பொங்கலுக்குப் போனபோது இறக்கித் தரச்சொல்லிக் கழற்றிப் பார்த்தோம். 7805 இருக்கும், குறைந்தது ஒரு சேனராவது இருக்கும் என்று நினைத்தோம். இல்லை. பற்றரி போடுற பெட்டிக்குள் நாலு இருவாயி, ஒரு கொள்ளளவி. வெளியே இரண்டு வயர் இழுத்து, ஒரு சைக்கிள் முன் லைட் குமிழ் கட்டியிருந்தது.

"இருட்டில ஸ்டேசன் பிடிக்கிறதுக்கா பெரியப்பா?" என்று கேட்டோம்.

"வெளிச்சத்துக்கில்லை பிள்ளை. அது எரிஞ்சாத்தான் ரேடியோ எரியாது."

யார் சொல்லித் தந்தது என்று கேட்டதுக்குச் சிரித்தார். "ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. இது ரெண்டாவது ரேடியோ."