கழுவுநீரில் தெரியும் வினையூக்கி

பயோடீசல் வினையூக்கி ஆய்வுகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது விளைச்சல் விழுக்காடு: 96, 98, சில வேளை 99. கிடைத்த எரிபொருளை எத்தனை முறை கழுவினார்கள், கழுவிய நீர் எங்கே போனது என்பதெல்லாம் பெரும்பாலும் செய்முறைப் பகுதியின் ஒற்றை வரியில் அடங்கிவிடும். வினையூக்கியின் தகுதியை அந்த ஒற்றை வரியில்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

பழைய முறை எளிது. எண்ணெய் எடையில் 1% சோடியம் ஹைட்ராக்சைடை மெத்தனாலில் கரைத்துச் சேர்த்து, 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கலக்கினால் வினை ஏறக்குறைய முடிந்துவிடும். தொல்லை பிறகுதான். பொரித்து மீந்த எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் மிகுதி. அது காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. பிரிபுனலில் வெந்நீர் விட்டுச் சற்று வேகமாகக் குலுக்கியவருக்குத் தெரியும்: எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே தயிர் போல ஒரு வெள்ளைப் படலம் நின்றுவிடும், மறுநாள் காலையிலும் கலையாது.

அந்த நீரோடு மெத்தனாலும் போகிறது. ஒரு கிலோ மெத்தனால் முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைய 1.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். இந்தியாவில் நீர்நிலைகளில் விடும் கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவைக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஆக, அந்த ஒரு கிலோ மட்டுமே 6,000 லிட்டர் நல்ல நீரை வரம்பின் விளிம்பில் நிறுத்திவிடும். கிளிசராலையும் சோப்பையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

கந்தக அமிலம் விட்டுச் சோப்பை உடைத்து, மிதக்கும் கொழுப்பு அமிலத்தை வழித்தெடுப்பது வழக்கம். எண்ணெய் குறையும், உப்பு குறையாது. ஒரு டன் எண்ணெய்க்கு இட்ட 10 கிலோ காரம் முழுவதையும் இப்படி நடுநிலையாக்கினால், கிளிசரால் அடுக்கிலும் கழுவுநீரிலுமாக 17.75 கிலோ சோடியம் சல்பேட் சேரும். உயிரியல் தொட்டி அதைத் தொடாது. கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்று திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திண்ம வினையூக்கிகள் மீது நம்பிக்கை பிறந்தது இதனால்தான். முட்டையோட்டை 900 டிகிரியில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. கிளிஞ்சலை வைத்துச் சுண்ணாம்புக் காளவாய் செய்துவந்த அதே வேலை. வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம், கழுவ வேண்டாம் என்றார்கள். ஆனால் சுட்ட சுண்ணாம்பு காற்றுப் பட்டாலே ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து நீர்த்துப்போகும். வினையின்போது கிளிசராலோடு சேர்ந்து கால்சியம் டைகிளிசராக்சைடாகவும் மாறுகிறது. ஒரு பகுதி கரைந்து எரிபொருளுக்குள் போகிறது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 14214, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரையே அனுமதிக்கிறது.

ஐந்து முறை பயன்படுத்தியும் விளைச்சல் குறையவில்லை என்ற அறிவிப்புகளையும் ஐயத்தோடுதான் படிக்கிறேன். ஒரு மணி நேரத்தில் முடியும் வினையை மூன்று மணி நேரம் ஓடவிட்டால், பாதி செயலிழந்த வினையூக்கியும் முழு மதிப்பெண் வாங்கும். வினை பாதியில் நிற்கும்போது வேகத்தை அளந்தால் தேய்மானம் தெரியும். சூடாகவே வடிகட்டிய திரவத்தில் வினை தொடர்கிறதா என்று பார்த்தால் கசிவு தெரியும்.

நீரில் கழுவாத ஆலையும் உண்டு. பிரான்சின் செட் நகரில் 2006இல் துத்தநாக-அலுமினிய ஆக்சைடு வினையூக்கியோடு ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. கிளிசரால் 98 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையாக வந்தது. அதற்குக் கொடுத்த விலை, கார முறையைவிட மிக உயர்ந்த வெப்பமும் அழுத்தமும். முட்டையோட்டுச் சுண்ணாம்பு 65 டிகிரியிலேயே வேலை செய்வது மெய்யான ஆதாயம்தான். ஆனால் வடிகட்டிய எரிபொருளில் கால்சியம் சோப்பு மிஞ்சினால், அதை நீக்க மறுபடி நீரையோ அமிலத்தையோ ஊற்றுகிறார்கள். அப்போது பிரிபுனலுக்கு அடியில் வைத்த குடுவையில் எத்தனை லிட்டர் சேர்ந்தது, அதில் கால்சியம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் அட்டவணையில் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே கேட்கிறேன்.