மிசிசாகாவும் மலையகமும்: தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

குடியேறியவர்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்ற கேள்வி கனடாவில் எழும்போது, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அங்குள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் நினைவுக்கு வராமல் இராது. இரண்டும் ஒன்றா?

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் கொண்டுவந்த சர்வசன வாக்குரிமையால் தோட்டத் தொழிலாளர் பலரும் வாக்காளர் ஆனார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவரிடம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குக் கடதாசி எங்கே என்று கேட்டது. 1949 தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவரின் வாக்கைப் பறித்தது. விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றார்கள். 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

கனடாவில், ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் யாரும் எதையும் பறிக்கவில்லை. நகரவாசிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள். நிரந்தர வதிவிட உரிமையோடு ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. அதுவரை மேயர் தேர்தலில்கூட வாக்கில்லை.

வேற்றுமை இதுதான்: அங்கே கதவு அடைக்கப்பட்டது, இங்கே திறந்திருக்கிறது, உள்ளே போகக் காலம் எடுக்கிறது.

ஒற்றுமை தலைக்கணக்கில் இருக்கிறது. வாக்கிழந்த தோட்ட மக்களையும் சேர்த்தே மலையகத் தொகுதிகளுக்கான சனத்தொகையைக் கணக்கிட்டார்கள். அவர்கள் தொகையால் கிடைத்த ஆசனங்களை மற்றவர்களின் வாக்கு நிரப்பியது. கனடாவிலும் பாராளுமன்றத் தொகுதிகள் குடிசன மதிப்பீட்டின்படியே பிரிக்கப்படுகின்றன. பிரஜை அல்லாதவரும் அந்தக் கணக்கில் உண்டு.

மிசிசாகா இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மாநகரசபைத் தேர்தல் சட்டத்தில் இன்னொரு விசித்திரம். மிசிசாகாவின் ஸ்குவேர் வண் கடைத்தொகுதி அருகே ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் கனடியப் பிரஜை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிப்பவர். அவர் ஸ்காபரோவிலும் வாக்களிக்கலாம், மிசிசாகாவிலும் வாக்களிக்கலாம். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் நிரந்தர வதிவாளர் மிவே என்ற நகர பஸ்ஸில் வேலைக்குப் போகிறார், பிள்ளையை இங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார், வாடகையோடு சொத்துவரியின் சுமையையும் தாங்குகிறார். அவருக்கு வாக்கு எங்கேயும் இல்லை.

குடியுரிமைக்காக அந்த 1,095 நாட்கள், மூன்று வருடம், பொறுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டின் பாதுகாப்பையும் வெளியுறவையும் தீர்மானிக்கும் பாராளுமன்றத்துக்கு அந்த வாதம் பொருந்தும். குப்பை அள்ளுவதற்கும் பஸ் ஓடுவதற்கும் பொருந்தாது. குடியுரிமைக்கும் வாக்குக்கும் உள்ள முடிச்சும் அத்தனை பழையதல்ல. பிரித்தானியப் பிரஜைகள் கனடியக் குடியுரிமை இல்லாமலே 1975 வரை இங்கே மத்திய தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. நியூசிலாந்தில் நிரந்தர வதிவாளர்கள் ஒரு வருடம் வாழ்ந்தாலே பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கிறார்கள். ரொறன்ரோ மாநகரசபை 2013இலேயே நிரந்தர வதிவாளருக்கு மாநகரசபை வாக்குரிமை தரும்படி மாகாண அரசைக் கேட்டது. சட்டம் மாறவில்லை.

ஆகவே மிசிசாகாவை மலையகம் என்று சொல்வது மலையகம் பட்ட துன்பத்தைச் சிறுமைப்படுத்தும். ஆனால் வாக்கில்லாதவனின் தேவை வேட்பாளர் கண்ணில் படாது என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் பொது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் குயின்ஸ் பார்க்கில், அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்தில் இருக்கிறது. 2026 அக்டோபர் 26 மாநகரசபைத் தேர்தல். வாக்குள்ள தமிழர்கள் தங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த மாற்றத்தைக் கேட்க வேண்டும். வாக்கில்லாதவர் கேட்டால் உறுப்பினர் காதில் ஏறாது.